மணியடித்த மத்தளம்

“தம்பி, எஃப் பிடிச்சா உன்ர மத்தளம் மணியடிக்குதடா.”

இசைக்குழுவில் கீபோட் வாசிக்கிற அண்ணை போனில் இப்படிச் சொன்னபோது பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு பரந்தனில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கீபோட்டில் நான் செய்து ஏற்றிக் கொடுத்த மத்தள அடி, இடது கையால் சி என்ற கோட்ஸ் (சேர்த்து அமத்துகிற சுரக்கூட்டு) பிடித்தால் மத்தளமாகத்தான் இருந்தது. எஃப் பிடித்தால் மத்தளத்தின் வலப்பக்க அடியான வலந்தலை விழ வேண்டிய இடத்தில் டிங், டிங் என்று மணி. ஜி பிடித்தால் சிம்பல் தட்டு நொறுங்குகிற சத்தம். அண்ணையின் சின்ன மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, திருப்பி மணியடியுங்கோ” என்று அவள் கேட்கக் கேட்க அண்ணையின் முகம் கறுத்துக்கொண்டு போனது.

அது 2022 மாசி மாதம். வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கக் கோயில் ஒன்றில் நிகழ்ச்சி. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் நாலைந்து கூத்துப் பாட்டும் பாட வேண்டும் என்று கோயில்காரர் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் முல்லைமோடி என்ற முல்லைத்தீவுப் பாணியில் ஆடுகிற கோவலன் கூத்தைப் பார்த்து வளர்ந்த சனம். அதுகளுக்கு முன்னால் வெளிநாட்டு டிஸ்கோ மேளத்தைப் போட்டுக் கூத்துப் பாட்டுப் பாடினால் கல்லெறியாவிட்டாலும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருப்பார்கள்.

நான் கிளிநொச்சியில் போன் திருத்துகிறவன். சுரம் தெரியாது, தாளம் ஓரளவு பிடிபடும். செத்த போனுக்கு மென்பொருள் ஏற்றி ஏற்றி, பைலை எண்களாகத் திறந்து பார்க்கிற பழக்கம் மட்டும் வந்துவிட்டது. அண்ணை என்னைப் பிடித்ததும் அதனால்தான்: “உனக்குத்தான் உந்த நம்பர் வேலை தெரியுமே.”

தெரியாதவர்களுக்காக: இந்தக் கீபோட்களில் ‘ஸ்டைல்’ என்று ஒன்று இருக்கிறது. இடது கையால் கோட்ஸ் பிடித்தால் போதும், மேளம், பேஸ், கிற்றார் எல்லாம் அந்தக் கோட்ஸுக்கு ஏற்ப மாறி மாறித் தானே வாசிக்கும். யமஹா கீபோட்டில் ஒவ்வொரு ஸ்டைலும் ஒரு தனிப் பைல். பென் டிரைவில் போட்டு ஏற்றலாம். அண்ணையிடம் இருப்பது 2000களின் நடுப்பகுதியில் வந்த பி.எஸ்.ஆர். வரிசைக் கீபோட் ஒன்று. கொழும்பில் ஆரோ பாவித்துக் கழித்ததை வாங்கிக்கொண்டு வந்தவர். கையேடு வரவில்லை.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் மத்தளம் அடிக்க, நான் போனில் பதிந்துகொண்டு வந்தேன். அதைக் கேட்டுக் கேட்டு லப்டொப்பில் ஒரு மிடி மென்பொருளில் அடி அடியாகப் போட்டேன். மிடி என்றால் சத்தத்தைப் பதியாமல், எந்தச் சுரம் எப்போது என்று எண்ணாக எழுதுகிற முறை; ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சனல் என்று ஒரு தனி வரிசை. கீபோட்டில் மத்தளம் என்று ஒலி இல்லை. வலந்தலைக்கு அமத்தி அடிக்கிற கொங்கா மேளம், இடப்பக்கத் தொப்பிக்குத் தாழ்ந்த கொங்கா. பழைய ஸ்டைல் ஒன்றை எலும்புக்கூடாக எடுத்து, அதன் 9ஆம் 10ஆம் சனல்களில் ஏற்கெனவே டிரம்ஸ் இருந்ததால், சும்மா கிடந்த 15ஆம் சனலில் என் மத்தளத்தைக் குடியேற்றினேன். வினை அங்கேதான் தொடங்கியது. அப்போது எனக்குத் தெரியாது.

முதல் துப்பு பைலின் பருமன். நான் மத்தளம் சேர்த்திருக்கிறேன், பைல் கொஞ்சம் பெருத்திருக்க வேண்டும். அது மெலிந்து போயிருந்தது.

இரண்டு பைலையும் எண்களாகத் திறந்தேன். தொடக்கம் இரண்டிலும் ஒன்றுதான்: 77, 84, 104, 100. எழுத்தாகப் பார்த்தால் எம், ரி, எச், டி. எந்த மிடி பைலும் இந்த நாலு எழுத்தோடுதான் தொடங்கும். அதாவது ஸ்டைல் பைல் என்பது முன்பாதி வெறும் மிடி பைல். பெயரின் பின்னொட்டை மாற்றினால் எந்தக் கொம்பியூட்டரும் வாசித்துக் காட்டும். அதனால்தான் என் மென்பொருளும் மறுக்காமல் திறந்தது. மிடிப் பகுதி 255, 47, 0 என்ற மூன்று எண்ணோடு முடிகிறது. என் பைல் அத்தோடு நின்றது. பழைய பைல் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நீண்ட வால் இருந்தது. வாலின் தலையில் சி, ஏ, எஸ், எம் என்று நாலு எழுத்து.

மிடி மென்பொருளுக்கு அந்த வால் என்னவென்று தெரியாது. தெரியாததைச் சேமிக்கும்போது எறிந்துவிட்டது. இது எவருக்கும் நடக்கும். ஸ்டைல் பைலைக் கொம்பியூட்டரில் திருத்துகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை, பழைய பைலின் வாலை வெட்டித் தனியே வைத்துக்கொள்வது. திருத்தி முடிந்ததும் திருப்பி ஒட்ட வேண்டும். வாலில்லாவிட்டாலும் கீபோட் வாசிக்கும். ஆனால் எந்தச் சனலை எப்படி நடத்துவது என்று தன் வழக்கப்படி முடிவு செய்துகொள்ளும்.

ஒட்டினேன். மணி போகவில்லை.

இதற்கிடையில் நாட்டில் கரண்ட் போகத் தொடங்கிவிட்டது. முதலில் இரண்டு மணித்தியாலம், பிறகு ஐந்து, ஏழு. பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம். கடையில் வேலை படுத்துவிட்டது. பெற்றோல் வரிசையில் நிற்பதற்குப் பயந்து பரந்தனுக்குச் சைக்கிளில் போய்வந்தேன். லப்டொப் பற்றரி ஒன்றரை மணித்தியாலம் தாங்கும். கீபோட் கரண்ட் இருந்தால்தான் பேசும். ஆக ஒரு நாளைக்கு ஐந்தாறு பரிசோதனைதான் செய்ய முடியும். எங்கள் அப்பா இடம்பெயர்ந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் சுற்றி றேடியோச் செய்தி கேட்டவர். தலைப்புச் செய்தி முடிந்ததும் கையை எடுத்துவிடுவார். அந்தக் கணக்குப் பார்த்த வாழ்க்கை எனக்குத் திரும்ப வந்தது.

இப்போது யோசித்தால் அந்தக் கரண்ட்வெட்டு இல்லாவிட்டால் நான் இதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். கரண்ட் இருந்தவரை நான் செய்தது பைத்திய வேலை: கண்டபடி எண்களை மாற்றுவது, ஏற்றுவது, கேட்பது, மறுபடி மாற்றுவது. எது எதை மாற்றியது என்று ஒன்றும் மிஞ்சவில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் சீஆர் கொப்பி ஒன்றை எடுத்து, கரண்ட் வந்ததும் என்ன கேள்வி கேட்பது என்று எழுதத் தொடங்கினேன். ஒரு வரிக்கு ஒரு மாற்றம். அதற்கொரு பிரதி எண். என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், என்ன நடந்தது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பழைய பிரதியை அழிப்பதில்லை. பைலின் பெயரே அந்த எண்தான்: 1, 2, 3, 4.

கொப்பியில் முதலில் எழுதியது மணியைப் பற்றி. டிரம் தொகுதியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு வாத்தியம். அமத்தின கொங்கா 62ஆம் சுரம், தாழ்ந்த கொங்கா 64. அட்டவணையில் பார்த்தால் மணிச் சத்தம் போடுகிற அகோகோ 67. கிலுகிலுக்கிற கபாசா 69. 62க்கும் 67க்கும், 64க்கும் 69க்கும் வித்தியாசம் 5. சியிலிருந்து எஃப் எத்தனை கட்டை? 5. விளங்கிவிட்டது! கீபோட் என் மத்தளத்தை ஒரு புல்லாங்குழல் போல நினைத்து, கோட்ஸ் மாற மாற அதை மேலே தூக்கிக்கொண்டு போகிறது. ராகம் வாசிக்கிற வாத்தியத்துக்கு அது சரி. மேளத்தைத் தூக்கினால் அது வேறு மேளமாகிவிடும்.

ஜி பிடித்தபோது வந்த சிம்பல்கள் 57, 59. அதாவது 5 கீழே. எஃபுக்கு மேலே போனது ஜிக்கு ஏன் கீழே இறங்க வேண்டும்? இதற்கு ஒரு முழுக் கரண்ட்வெட்டு போனது. அடுத்த நாள் எஃபுக்கும் ஜிக்கும் நடுவில் இருக்கிற எஃப் ஷார்ப்பைப் பிடித்துப் பார்த்தேன்: மேலே. ஆக எங்கோ ஒரு எல்லை இருக்கிறது. எஃப் ஷார்ப் வரை மேலே தூக்கு, அதைத் தாண்டினால் ஒரு ஓக்டேவ் (12 கட்டை) கீழே இறக்கு என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். சியைப் பூச்சியமாக வைத்து எண்ணினால் எஃப் ஷார்ப் 6. அப்படியென்றால் அந்த வாலுக்குள் எங்கோ ஒரு 6 இருக்க வேண்டும்.

வாலை வாசிப்பதற்கு முன் அது கட்டப்பட்ட விதத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அண்டாவுக்குள் குடம், குடத்துக்குள் செம்பு என்ற மாதிரி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முதலில் நாலு எழுத்துப் பெயர், பிறகு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று நாலு பைற்றில் (ஒரு பைற் என்பது பைலில் ஒரு எண்ணுக்கான இடம்) நீளம், பிறகுதான் சரக்கு. பெரிய அண்டா சி-ஏ-எஸ்-எம். அதற்குள் பல குடங்கள். ஒவ்வொரு குடத்திலும் முதலில் ஒரு பெயர்ப்பட்டியல்: இந்தக் குடம் ஸ்டைலின் மெயின் ஏ, மெயின் பி ஆகிய பகுதிகளுக்கு என்ற மாதிரி. பிறகு சனலுக்கு ஒன்றாகச் செம்புகள். ஒவ்வொரு செம்புக்கும் நீளம் 27. 15ஆம் சனலின் செம்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் அது 14 என்று எழுதப்பட்டிருந்தது. இந்த ஒன்றால் நான் எத்தனை தரம் ஏமாந்திருப்பேன் என்று கொப்பியைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த 27 பைற்றில் முதலாவது சனல், அடுத்த எட்டும் ஒரு பெயர். 23ஆவது இடத்தில் 6.

அந்த 6ஐ 4 ஆக்கினேன். வேறொன்றையும் தொடவில்லை. கரண்ட் வந்தது, ஏற்றினேன், எஃப் பிடித்தேன். மணிக்குப் பதிலாகச் சிம்பல்! எல்லை கீழே இறங்கிவிட்டதால் எஃபும் இப்போது கீழே போகிறது. சிம்பல் சத்தத்துக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பிழை இன்னும் பிழையாயிட்டுதேயடா” என்றார். எனக்கோ ஒரு பைற்றுக்குப் பெயர் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டைப் பிடித்தால் மற்ற வீடுகளை விசாரிப்பது சுகம். எல்லை எழுதப்பட்ட இடத்துக்கு அருகில்தான் தூக்குவதா வேண்டாமா என்பதும் இருக்கும் என்று 21ஐயும் 22ஐயும் குறிவைத்தேன். அப்போதுதான் அண்ணையின் மகள் கீபோட்டின் பொத்தான்களை நோண்டி நோண்டி ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். ஸ்டைல் உருவாக்கும் பக்கம். நான் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த அமைப்புகள் எல்லாம் ஆங்கிலப் பெயரோடு திரையில் வரிசையாக நிற்கின்றன! அண்ணை பதினைந்து வருசமாகக் கோயில் கோயிலாக வாசிக்கிறார், அந்தப் பக்கத்தை ஒருநாளும் திறந்ததில்லை. என்னையும் சொல்ல வேண்டும். பைலைப் பிளந்து பார்ப்பதற்கு முன் பெட்டியில் இருக்கிற பொத்தான்களை எல்லாம் ஒருமுறை அமத்திப் பார்த்திருக்கலாம்.

ஆனால் அந்தப் பக்கம் கிடைத்ததும்தான் வேலை ஓடியது. ஊகிக்கத் தேவையில்லை, கீபோட்டையே கேட்கலாம். திரையில் ஒன்றை மட்டும் மாற்று, பென் டிரைவில் சேமி, முந்திய பைலோடு ஒப்பிடு. மாறிய பைற் எதுவோ அதுதான் இது. இதில் ஒரு பொறி இருக்கிறது: முதல்நாள் ஒப்பிட்டபோது நூற்றுக்கணக்கான பைற்கள் மாறியிருந்தன. கீபோட் சேமிக்கும்போது முன்பாதியைத் தன் ஒழுங்கில் திருப்பி எழுதுகிறது. எனவே வெளியிலிருந்து வந்த பைலோடு ஒப்பிடக் கூடாது. ஒன்றையும் மாற்றாமல் கீபோட்டில் ஒருமுறை சேமித்து, அதை அடிப்படைப் பிரதியாக வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு முறையும் மாற்றாமல் சேமித்து இரண்டும் ஒன்றா என்று பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. ஒப்பிடும் வேலைக்குப் பைதன் என்ற நிரல்மொழியில் பத்து வரி எழுதினேன். மாறிய இடம், பழைய எண், புதிய எண், இவ்வளவுதான் காட்டும்.

21ஆவது பைற்: 0 என்றால் கோட்ஸோடு சேர்த்துத் தூக்கு, 1 என்றால் இருந்த இடத்துக்குக் கிட்டவே வைத்துக்கொள். 22ஆவது: சுரங்களை எந்த அட்டவணைப்படி திருத்துவது என்பது. இதில் 1 என்றால் ராக வாத்தியத்துக்கான அட்டவணை, 0 என்றால் கைவைக்காதே. இந்த இரண்டாவதைத் தனியே பார்க்க ஒரு வழி கிடைத்தது. சி மேஜருக்குப் பதில் சி மைனர் பிடித்தால் தூக்குவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் என் தொப்பி 64இலிருந்து 63க்கு நழுவியது. மேஜரின் மூன்றாம் சுரத்தை மைனராக்குகிறாராம் ஐயா! 21ஐ மட்டும் 1 ஆக்கினால் மணி நின்றது, ஆனால் எஃபில் தொப்பி இன்னும் ஒரு படி வழுக்கியது. 21இல் 1, 22இல் 0, இரண்டையும் சேர்த்து வைத்த அன்றைக்குத்தான் எந்தக் கோட்ஸ் பிடித்தாலும் மத்தளம் அசையாமல் நின்றது. கொப்பியில் அது பிரதி 19.

திரையிலேயே மாற்றக்கூடியதை ஏன் பைலில் மாற்ற வேண்டும் என்று அண்ணை கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு ஸ்டைலில் அறிமுகம், மெயின்கள், இடைநிரப்பு, முடிவு என்று பத்துப் பன்னிரண்டு பகுதி. ஒவ்வொன்றாகத் திரையில் போய் மாற்ற வேண்டும். பிறகு மத்தளத்தில் ஒரு அடியைத் திருத்த லப்டொப்பில் திறந்து சேமித்தால் வால் திரும்பவும் அறுந்துவிடும். வாலை ஒட்டி, 15ஆம் சனலின் செம்புகளைத் தேடித் திருத்துவதை ஒரு சின்ன நிரல் கண்ணிமைக்கிற நேரத்தில் செய்கிறது.

இடைநிரப்புப் பகுதிகளுக்கான குடத்தில் 15ஆம் சனலுக்குச் செம்பே இருக்கவில்லை. ஒன்றைப் பிரதி எடுத்துச் சொருகினேன். கீபோட் பைலை ஏற்க மறுத்துவிட்டது. ஒரு செம்பு என்றால் 27 பைற் சரக்கு, அதன் பெயரும் நீளமும் 8, மொத்தம் 35. உள்ளே 35 கூடினால் குடத்தின் நீளத்திலும் 35 கூட்ட வேண்டும், வெளி அண்டாவிலும் 35 கூட்ட வேண்டும். நான் குடத்தோடு நிறுத்திவிட்டேன். எந்தப் பைலிலும் புதிதாக எதையாவது சொருகுகிறவர்கள் இதை ஒரு துண்டில் எழுதி லப்டொப் மூடியில் ஒட்டிவைக்கலாம். நான் ஒட்டியிருக்கிறேன்.

எட்டெழுத்துப் பெயரில் ‘மத்தளம்’ என்று தமிழில் எழுத ஆசை. ஒரு தமிழ் எழுத்துக்கே மூன்று பைற் போகும். குறியோடு வந்தால் ஆறு. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒன்பது வருகிறது. ஒரு ‘ரி’யைக் கழித்து எட்டாக்கினேன். அண்ணாவியாருக்கு அதைச் சொல்லவில்லை.

சித்திரை கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, தேடலில் வேறொரு சொல்லைப் போட்டபோது ஒரு ஆவணம் அகப்பட்டது. வெளிநாட்டில் பொழுதுபோக்காக இந்த வேலை செய்தவர்கள் எத்தனையோ வருசத்துக்கு முன்பே இந்த வாலைப் பைற் பைற்றாக அவிழ்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். என்னுடைய 21, 22, 23 மூன்றும் அதில் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் வயிறு எரிந்தது, உண்மைதான். பிறகு கொப்பியில் நான் கேள்விக்குறி போட்டு வைத்திருந்த இடங்களைப் பார்த்தேன். 12ஆவதிலிருந்து ஏழு பைற்களை என்னால் எந்த வழியிலும் பிடிக்க முடியவில்லை. அவை எண்கள் அல்லவாம். ஒரு பைற்றுக்குள் எட்டு பிற்; ஒவ்வொரு பிற்றும் ஒரு ஆளி (சுவிட்ச்). முதல் இரண்டு பைற்றும் எந்தச் சுரத்தில் வாய்மூட வேண்டும் என்பது, அடுத்த ஐந்தும் எந்த வகைக் கோட்ஸில் வாய்மூட வேண்டும் என்பது. நான் 255 என்பதை ஒரு பெரிய எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், எட்டு ஆளியும் போட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. புதிய கீபோட்களில் இந்தச் செம்புக்குப் பெயரும் நீளமும் வேறு என்பதையும் அந்த ஆவணத்தில்தான் படித்தேன். என் நிரல் இப்போது முதலில் பெயரைப் பார்க்கிறது. தெரியாத பெயர் என்றால் கைவைக்காமல் வெளியே வந்துவிடுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் இருக்கிற பக்கம் ஸ்டைல் பைல்கள் பென் டிரைவ் பென் டிரைவாகக் கைமாறுகின்றன. பிறர் உழைத்து விற்பதை நான் பிரித்துப் பெயர் மாற்றி விற்கப் போவதில்லை. எலும்புக்கூட்டுக்கு எடுத்த பழைய ஸ்டைலின் டிரம்ஸையும் கிற்றாரையும் பிறகு முழுதாகக் கழித்துவிட்டு எங்கள் சொந்த அடிகளையே போட்டோம். அதுவும் ஒரு காரணமாகத்தான் வாலை நானே எழுதப் பழகினேன்.

வைகாசி பிறந்து இரண்டாம் கிழமை அண்ணாவியாரை அண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். அண்ணை சி, எஃப், ஜி எல்லாம் மாற்றி மாற்றிப் பிடித்தார்.

“மத்தளந்தான்” என்றார். பிறகு, “ஆனா இது ஆட்டக்காரன்ர காலைப் பாக்குதில்லை, என்ன?”

“இல்லை ஐயா. இது தன்பாட்டுக்கு அடிக்கும்.”

“அப்ப தீர்மானத்துக்கு என்ன செய்வியள்?”

தீர்மானம் என்றால் பாட்டோ ஆட்டமோ முடிகிற இடத்தில் அடிக்கிற முடிவுக்கட்டு. அதற்கும் ஒரு வழி இருந்தது. ஸ்டைலில் இடைநிரப்பு என்பது ஒரு பொத்தானை அமத்தினால் ஒரு முறை வாசித்துவிட்டுத் திரும்புகிற துண்டு. அண்ணாவியார் வாயால் சொன்ன சொற்கட்டை அந்த இடத்தில் போட்டேன். அவர் நாலு தரம் திருத்தினார். “கடைசி ‘தா’வுக்கு முன்னால மூச்சு விடு” என்றார். அந்த மூச்சு மிடிக் கணக்கில் 240 ‘டிக்’; ஒரு அடிக்கு 1920 வருகிற பைலில் அது அடியின் எட்டில் ஒரு பங்கு. நான் 120 வைத்தேன், போதாது என்றார். 480 வைத்தேன், “செத்துப்போச்சு” என்றார்.

கோயிலில் ஜெனரேற்றர் வைத்துத்தான் நிகழ்ச்சி. மேடைக்குப் பக்கத்தில் அண்ணாவியார் கதிரை போட்டு இருந்தார். தீர்மானம் வருகிற இடத்தில் அவர் நாடியை ஒரு ஆட்டு ஆட்டுவார், அண்ணை பொத்தானை அமத்துவார். இரண்டு இடத்தில் அண்ணை பிந்திவிட்டார். சனத்துக்குத் தெரியவில்லை, அண்ணாவியாருக்குத் தெரிந்தது.

கீபோட்டில் இப்போது பிரதி 31 இருக்கிறது. பென் டிரைவை ஒழுங்குபடுத்துவோம் என்று பழையவற்றை அழிக்கப் போனபோது அண்ணையின் மகள் விடவில்லை. பிரதி 4 அவளுடையதாம். பள்ளிக்கூடத்தால் வந்து அதைத்தான் ஏற்றுகிறாள். எஃப் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு இப்போது கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.